காய்ந்த பெட்ஷீட்டுகள்

மழைக்காலத்தில் பெட்ஷீட் துவைப்பதைவிட எரிச்சலான வேலை எங்கள் பக்கத்தில் கிடையாது. சும்மா சொல்லவில்லை. இருபது வருசம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு பிள்ளை மடுவத்தில், மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வயிற்றோட்டம் வந்ததைக்கூடச் சமாளித்திருக்கிறேன். ஆனால் ஹாலிஎலவுக்கு மேலே பனிமூட்டம் இறங்கி ஒரு வாரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது, காலையில் கொடியில் போட்ட பெட்ஷீட், போட்டபோது இருந்ததைவிட ஈரமாகச் சாயங்காலம் தொங்கும். அப்போது என் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். ஒரு காலத்தில் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் குடியிருந்த பங்களா. பன்னிரண்டு பெண்களும் ஏழு ஆண்களும் இருக்கிறார்கள். எல்லாரும் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள். பிள்ளைகள் கொழும்பில், இல்லாவிட்டால் வெளிநாட்டில், இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை. என் பொறுப்பு துணி. காலை எட்டு மணிக்கு வருவேன். பின்பக்கத்தில் மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் துவைப்பேன், காயப்போடுவேன், மடிப்பேன், மூன்று மணி பஸ்ஸுக்கு ஓடுவேன். சாயங்காலம் அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் கவலைப்படவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெண்கள் அறையிலிருந்து தினமும் ஐந்தாறு பெட்ஷீட் நனைந்து வரும். வயசானால் அப்படித்தான். அதில் இரண்டு கட்டாயம் பூனாகலை அம்மாயியுடையது, விரித்தது ஒன்று, போர்த்தியது ஒன்று. பூனாகலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, அங்கேயே புருசனைப் புதைத்துவிட்டு வந்த கிழவி. எண்பது தாண்டியிருக்கும். உடம்பு ஒரு பிடிதான். வாய் மட்டும் ஊர் அகலம். மற்றவர்கள் நனைந்த துணியைத் தரும்போது தலையைக் குனிவார்கள். இவள் குனிய மாட்டாள்.

“நான் குடிச்ச தேத்தண்ணி, நான் பேஞ்சேன். ஒனக்கு ஏன்டி மூஞ்சி கோணுது?”

“தொவைக்கிறது நான்தானே அம்மாயி.”

“நான் பேயலன்னா ஒன்ன எவ வேலைக்கு வச்சிருப்பா? ஒனக்குச் சோறு போடுறதே நாந்தான்டி.”

மூன்று வருசமாக எங்களுக்குள் காலை வணக்கம் இதுதான்.

அந்த நவம்பர் மழையில் ஒரு நாள் பெண்கள் அறையிலிருந்து ஒரே ஒரு பெட்ஷீட்தான் நனைந்து வந்தது. மறுநாள் நனைந்தது ஒன்றுமே வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், அடுப்படியில் போய் இரண்டு தேத்தண்ணி குடித்தேன். இல்லத்துக்குப் பொறுப்பாக அந்த வருசம் புதிதாக ஒரு மிஸ் வந்திருந்தார். சுத்தமான ஆள். தரையில் முகம் பார்க்கலாம். குரலை உயர்த்த மாட்டார், யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அவரிடம் கேட்டேன், இது என்ன அதிசயம் என்று.

“எல்லாருக்கும் பழக்கிட்டேன். பழக்குனா வரும்,” என்றார்.

“ஒங்களுக்கு மாலை போடணும் மிஸ்,” என்றேன்.

இந்த வாயால்தான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டிலும் சொன்னேன். லயத்து வீடுகளுக்கான பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் சொன்னேன், எனக்குக் கிடைத்த மாதிரி வேலை யாருக்கும் கிடையாது என்று. இரண்டு வாரம் அப்படிப் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

கண்ணுக்கு முன்னால் எல்லாம் இருந்தது. வாரத் துவைப்புக்கு வந்த பெட்ஷீட் காய்ந்துதான் இருந்தது, ஆனால் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை இருக்கும். முன்பெல்லாம் பெரிய வட்டமாக, வெளிறிப்போய் இருக்கும். இது சின்னதாக, கடும் தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல இருந்தது. மணமும் வேறு, மூக்கில் குத்துகிற மணம். முப்பது வருசமாகத் துணி துவைத்த கை இது. பிள்ளை மடுவத்தில் ஒரு குழந்தையின் துணியில் இப்படிக் கண்டிருந்தால் ஓடிப்போய் மருத்துவிச்சியைக் கூப்பிட்டிருப்பேன். இங்கே சவர்க்காரத்தைக் கொஞ்சம் கூடப் போட்டுத் தேய்த்தேன், அவ்வளவுதான். வேலை குறைந்தால் புத்தியும் குறைந்துபோகும்போல.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. துவைக்கிற கல்லில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பூனாகலை அம்மாயி என் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறாள். வாளியில் ஊறப்போட்டிருந்த துவாயின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள்.

“அம்மாயி, அது சோப்புத் துணி. துப்புங்க.”

துப்பவில்லை. நான் இழுத்தேன், அவளும் இழுத்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்ததோ. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரு நீ? எந்தத் தோட்டம்?”

மூன்று வருசமாக என்னைத் திட்டாமல் விடிந்ததில்லை இவளுக்கு. பீலியில் என் டம்ளரைப் பிடித்துக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். இரண்டாவதையும் குடித்தாள். மூன்றாவதை நான் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அவள் நாக்கைப் பார்த்தேன். செருப்புத் தோல் மாதிரி இருந்தது. பிள்ளை மடுவத்தில் கற்றுக்கொடுத்ததுபோல கையின் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. வயசானவர்களுக்குத் தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும், அதை நம்பாதே, நாக்கையும் ஒன்றுக்குப் போகிற நிறத்தையும் பார் என்று பிறகு ஒரு நர்ஸ் சொன்னார். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தத் தோல் ஒன்றே போதுமாக இருந்தது.

அடுப்படிக்குப் பக்கத்தில் சூட்டில் உட்கார வைத்தேன். சமையல்காரர் கேள்வி கேட்காமல் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பத்து மணி இருக்கும், கிழவி கண்ணைச் சிமிட்டி என்னைப் பார்த்தாள்.

“என்னாடி பாக்குற? தலையக்கூட சீவாம வந்திருக்க.”

அப்பாடா என்று இருந்தது. பிறகு கேட்டேன். அவள் சொன்னாள். பகல் இரண்டு மணிக்கு மேல் யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அறையில் இருந்த ஜக்கையும் எடுத்துவிட்டார்கள். காலையில் ஒரு தேத்தண்ணி, மத்தியானம் சோற்றோடு அரை டம்ளர், அவ்வளவுதான். கேட்டால், நாளைக்குக் காலையில் என்பார்கள். ராத்திரி படுக்கை நனையாமல் இருப்பதற்காம். பழக்குவது என்றால் இதுதான்.

“ஏன் அம்மாயி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?”

“நீ அந்த மிஸ்ஸுக்கு மாலை போடுற ஆளாச்சே. ஒங்கிட்ட என்னாத்த சொல்றது.”

செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள், புதன்கிழமை, நான் செய்தது முட்டாள்தனம். எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து நடுக் கூடத்தில் நின்று கத்தினேன். கிழவிகளைக் காய வைத்துக் கொல்கிறீர்களா, நீங்கள் ஒரு பொம்பளையா, இன்னும் என்னென்னவோ. மிஸ் கோபப்படவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“சரி. எல்லாரையும் கேட்டுருவோம்,” என்றார். “வாங்க, எல்லாரும் வந்து நில்லுங்க.”

இங்கேதான் ஒன்றை விளக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று தெரியும். விடியக் காலையில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும், பெயர் கூப்பிடுவார்கள், யாருக்கு எந்த மலை என்று சொல்வார்கள். ஐம்பது வருசம் அப்படி நின்ற கால்கள் இவை. நில்லுங்கள் என்று ஒரு குரல் சொன்னால் முழங்கால் வலியை மறந்து நிற்கும். வரிசையில் நிற்கிறவர் வாய் திறக்க மாட்டார். அவருக்காகக் கங்காணி பேசுவார். அதுவும் ஒரே வாக்கியம்தான் பேசுவார்.

எங்கள் இல்லத்திலும் ஒரு கங்காணி இருக்கிறார். எழுபத்தெட்டு வயசு. தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, வேலையே இல்லாத இடத்திலும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கும் வரிசை நின்றவுடன் ஒரு அடி முன்னால் வந்தார்.

“நான் யாருக்காவது தண்ணி குடுக்காம இருந்தேனா?” என்று மிஸ் கேட்டார்.

“ஒரு கொறையும் இல்லைங்க மிஸ். நல்லா கவனிக்கிறீங்க,” என்றார் கங்காணி.

“ஆமாங்க,” என்றது வரிசை.

பூனாகலை அம்மாயி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குக் காலையில் அவள் பீலிப் பக்கம் வந்து தண்ணீர் குடிக்கவில்லை, என்ன கேள்வி என்றுகூட அவளுக்கு விளங்கவில்லை.

மிஸ் என்னிடம் திரும்பினார். “ஒங்க வேலை துணி. இனிமே அறைக்குள்ள வர வேணாம், துணிய வாசல்ல வைப்பாங்க, எடுத்துக்கங்க. அந்த பூனாகலை ஆச்சிக்குப் புத்தி பேதலிச்சிருச்சி. ஆளு தெரியல, பேரு தெரியல. இல்லத்துக் கமிட்டிக்குச் சொல்லியாச்சி. திங்கக்கிழமை வேன் வருது, மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறோம்.”

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அம்மாயிக்கு அந்த அரை டம்ளரும் நின்றது. கத்தியது நான், காய்ந்தது அவள்.

திங்கட்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. வேனில் ஏற்றிவிட்டால் அவ்வளவுதான், அங்கே போய் நான் பைத்தியம் இல்லை என்று சொல்ல அவளுக்குச் சுயநினைவு இருக்க வேண்டுமே. காலையில் ஆள் தெரியாது, தண்ணீர் குடித்துப் பத்து மணி ஆனால் என் தலையைக் குறை சொல்வாள். பத்து மணிக்குத் தெளிகிற பைத்தியத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

மிஸ் போன பிறகு மடித்த துணிக் கூடைக்கு அடியில் இரண்டு தண்ணீர்ப் போத்தலை வைத்து, வாசலில் வைத்தேன். கதவோரத்துக் கட்டிலில் இருக்கும் கிழவி போர்வையோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனாள். காலிப் போத்தல் அழுக்குத் துணிக்குள் சுருட்டப்பட்டு வந்தது. நான் ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை. கொழுந்துக் கூடைக்குள் மறைத்து விறகு கொண்டுவந்து பழகியவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அன்று வந்த துணியில் அம்மாயியின் பெட்ஷீட்டை மட்டும் நான் துவைக்கவில்லை. சுருட்டி ஒரு பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறினேன். மழை, ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. பையில் பெட்ஷீட். ஹாலிஎல தாண்டுவதற்குள் என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றுகொண்டார். முன் சீட்டில் இருந்த இரண்டு பேரும் நகர்ந்தார்கள். நான் மூன்று சீட்டை வைத்துக்கொண்டு மகாராணி மாதிரிப் போனேன்.

பிரதேச செயலகத்தில் முதியோர் விசயத்தைப் பார்க்கிற அதிகாரி ஒரு சிங்களப் பொம்பளைப் பிள்ளை, முப்பது வயசுகூட இருக்காது. பரீட்சைக்காகத் தமிழ் படித்தவர்போல. “தாங்கள் அமருங்கள்,” என்றார். என்னை இதுவரை யாரும் தாங்கள் என்று சொன்னதில்லை. எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

நான் மறுபடி கத்த ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், நாள் வாரியாகச் சொல்லுங்கள், நினைத்ததைச் சொல்ல வேண்டாம் என்றார். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் நான் நினைத்ததுதான் அதிகம். ஆனாலும் யோசித்து யோசித்துச் சொன்னேன். எந்த நாளிலிருந்து துணி காய்ந்து வந்தது, கறை எந்த அளவு, துவாயைச் சப்பியது, காலையில் ஆள் தெரியாதது, பத்து மணிக்குத் தெளிந்தது. எழுதிக்கொண்டார். பிறகு நான் பையைத் திறந்து பெட்ஷீட்டை மேசையில் விரித்தேன்.

பக்கத்து மேசைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். இந்தப் பிள்ளை போகவில்லை. குனிந்து கறையைப் பார்த்தார்.

“என்னுடைய தாயாரும் படுக்கையில் இருந்தவர்,” என்றார். “இந்த நிறம் எனக்குத் தெரியும். நாளைக் காலை வருகிறேன். தாங்கள் தயவுசெய்து யாரிடமும் சத்தம் போடாதீர்கள். தாங்கள் சத்தம் போட்டால் அந்த அம்மையாருக்குத்தான் துன்பம்.”

சரிதான். அதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெட்ஷீட்டை மட்டும் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார். அது பரவாயில்லை, திரும்பிப் போகும்போதும் மூன்று சீட்டு கிடைத்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அவர் ஜீப்பில் வந்து இறங்கினார். காற்சட்டை, சப்பாத்து, கையில் ஒரு பெரிய புத்தகம். எனக்கு அப்போதே மனசு விழுந்துவிட்டது. புத்தகத்தோடு யாராவது வந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் மறந்துவிட்டேன். ஜீப் சத்தம் கேட்டவுடன், யாரும் கூப்பிடாமலே, பத்தொன்பது பேரும் விறாந்தையில் வரிசையாக நின்றுவிட்டார்கள். கங்காணி மப்ளரைச் சரிசெய்துகொண்டு முன்னால் நின்றார்.

“தங்களுக்கு இங்கே ஏதேனும் குறைபாடுகள் உண்டா?” என்று அந்தப் பிள்ளை கேட்டார்.

“ஒரு கொறையும் இல்லைங்க தொரை,” என்றார் கங்காணி. பொம்பளைப் பிள்ளை என்றுகூட அவர் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

“ஆமாங்க,” என்றது வரிசை.

மிஸ் சிரித்த முகத்தோடு, பதிவேடுகளை எடுத்து வருகிறேன் என்று ஆபீஸ் அறைக்குப் போனார். எனக்கு நெற்றி நரம்பு தெறித்தது. ஆனால் கத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் கத்தாமல் இருந்த நாள் அது ஒன்றுதான், எழுதி வைத்துக்கொள்ளலாம். அதிகாரியின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

“மேடம், இவங்கள நிக்க வச்சிக் கேட்டா செத்தாலும் சொல்ல மாட்டாங்க. கையில வேலையக் குடுத்துக் கேளுங்க. மூஞ்சியப் பாக்காம கேளுங்க. அந்தப் புத்தகத்த எங்கயாவது வச்சிருங்க.”

அவர் என்னை ஒரு நிமிசம் பார்த்தார். புத்தகத்தை ஜீப்பில் வைத்துவிட்டு வந்தார்.

அன்றைக்கு நல்லவேளையாகச் சமையலுக்குப் போஞ்சிக்காய் வந்திருந்தது. நாலு கிலோ. நான் அதை அடுப்படிக்குப் பின்னால் சாக்கு விரித்துக் கொட்டி, பெண்களை வந்து நார் உரிக்கச் சொன்னேன். சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மாயியும் வந்தாள். காலையில் ஒரு போத்தல் உள்ளே போயிருந்ததால் முகம் தெளிந்திருந்தது. அதிகாரி ஒரு பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்து, ஒரு போஞ்சியை எடுத்துத் தப்பான பக்கத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தார்.

கொழுந்தெடுக்கும் நிரையில் நின்றவர்களுக்கு இது தெரியும். கண் செடியில், விரல் கொழுந்தில். எட்ட நிற்பவருக்குப் பேசுகிறவள் யார் என்றே தெரியாது. வீட்டுச் சண்டையிலிருந்து தொரை பங்களா ரகசியம் வரைக்கும் எல்லாம் அங்கேதான் பேசப்படும். கை ஓட ஆரம்பித்தால் வாயும் ஓடும். இரண்டு பிடி போஞ்சி முடிவதற்குள் கதவோரத்துக் கட்டில் கிழவி ஆரம்பித்துவிட்டாள்.

“அந்த முனையில இருந்து உரிங்க பாப்பா. நார் வராது அப்பிடிச் செஞ்சா.”

“மிக்க நன்றி,” என்றார் அதிகாரி.

“இந்தப் புள்ள ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுது,” என்றாள் அம்மாயி. எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது.

“சாயங்காலம் தேநீர் அருந்துவீர்களா?” என்று போஞ்சியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“தேத்தண்ணியா. அது எப்பிடி இருக்கும்னே மறந்துபோச்சி பாப்பா,” என்றாள் ஒருத்தி.

“ரெண்டு மணிக்கு மேல மேகத்தப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்,” என்றாள் இன்னொருத்தி.

“நான் பல்லு வெளக்குறப்ப முழுங்கிக்கிருவேன். அது மிஸ்ஸுக்குத் தெரியாது,” என்றாள் மூன்றாமவள், பெருமையாக.

அப்படியே வந்துகொண்டிருந்தது. யார் எப்படித் திருடிக் குடித்தார்கள் என்று ஆளுக்கு ஆள் போட்டி. அந்த நேரத்தில் கங்காணி வந்து நின்றார். பெண்கள் கூட்டமாகப் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டால் அவருக்குக் கால் தானாக வந்துவிடும்.

“என்னா பேச்சு அங்க? கையப் பாருங்க,” என்றார்.

அம்மாயி தலையைத் தூக்கவில்லை. ஒரு போஞ்சியை இரண்டாக ஒடித்துச் சட்டியில் போட்டாள்.

“யோவ் கங்காணி. நீ எந்த மலைக்குய்யா கங்காணி இப்ப? என் தொண்டை காயுறப்ப நீ எப்பிடிய்யா கொறை இல்லைங்குற? ஒன்ன எவன் கேட்டான்?”

“கொறை சொல்லிப் பழக்கமில்லைங்க நமக்கு,” என்று அவர் அதிகாரியைப் பார்த்து இளித்தார்.

“முந்தாநேத்து சாமி படத்துக்குக் கீழ இருந்த பூச்சாடித் தண்ணியக் குடிச்சது யாரு? சொல்லு. சாமி குடிச்சிச்சா?”

சிரிப்பு நின்றது. அந்தப் பூச்சாடித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், வாரத்துக்கு ஒரு தரம்தான் மாற்றுவார்கள். கங்காணி மப்ளரை அவிழ்த்தார், மறுபடி சுற்றினார், மறுபடி அவிழ்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே, சாக்கு ஓரத்தில், பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். ஒரு பிடி போஞ்சியை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

“நாந்தான் குடிச்சேன்,” என்றார். “தாகமுங்க. வேற என்னா செய்ய.”

அதிகாரி அடுத்த போஞ்சியை எடுக்கவில்லை. எழுந்து போய் மிஸ்ஸின் ஆபீஸ் கதவைத் தட்டினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கதவு மூடியிருந்தது, நான் காதை வைத்தும் கேட்கவில்லை. அரை மணி கழித்துப் பூனாகலை அம்மாயியை அந்த ஜீப்பிலேயே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஏறும்போது அவள் எல்லாரையும் பார்த்துக் கையாட்டினாள், எலக்சனுக்கு நிற்கிறவள் மாதிரி.

உடம்பில் தண்ணீர் வற்றி, ஒன்றுக்குப் போகிற பாதையில் கிருமி வேறு பிடித்திருந்ததாம். புத்தி தடுமாறியது அதனால்தான் என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு சேலைன், மருந்து. மூன்றாம் நாள், படுக்கை சரியில்லை என்று நர்ஸைத் திட்டினாளாம். அப்போது புத்திக்கு ஒன்றும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை சொன்னபடி வேன் வந்தது, யாரும் அவர்களிடம் வேண்டாமென்று சொல்லவில்லைபோல. சாரதி விறாந்தையில் நின்று, “புத்தி சரியில்லாத ஆளு யாரு?” என்று கேட்டார். கங்காணி கொஞ்சமும் யோசிக்காமல் துவைக்கிற கல்லடியில் நின்ற என்னைக் கைகாட்டினார்.

“அந்தா நிக்கிது. ஆனா புடிக்கப் போனா கடிக்கும், பாத்துப் போங்க.”

மிஸ் அந்த மாதமே போய்விட்டார். கமிட்டிக்காரர்கள் வந்து பேசி, விசாரித்து, எழுதி, அனுப்பிவிட்டார்கள். போகும் முன்னால் துவைக்கிற இடத்துக்கு வந்தார். ராத்திரிக்குப் பத்தொன்பது பேருக்கு ஒரே ஒரு உதவியாள்தான் என்றார். எத்தனை தரம் ஆள் கேட்டும் தரவில்லை, நனைந்த படுக்கையில் விடிய விடியக் கிடந்தால் புண் வரும், நான் என்ன செய்வது என்றார். அழுதார். ஆள் போதாது என்பது உண்மைதான். அதை நான் கமிட்டியிடம் அவருக்காகவே சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஆனால் அவரிடம் நான் சொன்னது வேறு. ஆள் இல்லை என்றால் நீங்கள் கத்தியிருக்க வேண்டும் மிஸ், கிழவிகளின் வாயை ஏன் கட்டினீர்கள் என்றேன். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம்தான். மாலை போட்ட என்மேலும்தான்.

இப்போது ராத்திரிக்கு இரண்டு உதவியாட்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஜக்கு. சாயங்காலம் நாலு மணிக்குத் தேத்தண்ணி, அதற்குக் கங்காணிதான் மேற்பார்வை. வரிசையெல்லாம் கிடையாது. அவரே கட்டில் கட்டிலாகப் போய், குடித்தார்களா என்று டம்ளரைக் கவிழ்த்துப் பார்க்கிறார். மிச்சம் வைத்தால் திட்டுகிறார். அந்த அதிகாரி மாதத்துக்கு ஒரு தரம் சொல்லாமல் வருகிறார், புத்தகம் இல்லாமல். இப்போது போஞ்சியைச் சரியான பக்கத்திலிருந்து உரிக்கிறார். தமிழ்தான் இன்னும் அப்படியே இருக்கிறது.

எனக்கு மறுபடி தினமும் ஆறு பெட்ஷீட். இந்த வருசமும் மழை விடவில்லை. கொடியில் இடம் போதாமல் அடுப்படி, விறாந்தை, கங்காணியின் கட்டில் காலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் என்று எல்லா இடத்திலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நேற்றுக் காலையில் அதற்கு நடுவில் குனிந்து குனிந்து அம்மாயி வந்தாள்.

“என்னோடது எத்தினி?”

“ரெண்டு. போர்வையும் சேத்து மூணு. பிழிஞ்சா ஒரு வாளி வருது அம்மாயி. கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா?”

“நேத்து கங்காணி ரெண்டு டம்ளர் ஊத்திட்டான்டி, நான் என்ன செய்ய.” பெட்ஷீட்டின் ஓரத்தைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெளுத்த பெரிய வட்டத்தைப் பார்த்தாள். “நல்லா இருக்கு. நல்லாத் தொவை. நாளைக்கு இன்னும் பெருசா வரும்.”